உங்கள் தங்கையை நான் விட்டுவிட்டுப் போகவில்லை

மதிப்பிற்கும் மரியாதைக்கும் உரிய பெரிய மச்சான் அவர்களுக்கு, தங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். தங்கள் தங்கை என்னைவிட நலம். அங்கே தாங்களும் அக்காவும் நலமாக இருப்பீர்கள் என்றும், தங்கள் முழங்கால் வலி குறைந்து இரத்த அழுத்தம் ஏறாமல் இருக்கும் என்றும் நம்புகிறேன். ஏறியிருந்தால் தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு மேலே படிக்கவும்.

நேற்றுப் பகல் தங்கள் தங்கை பஸ்ஸுக்குள்ளிருந்து தங்களுக்குப் போன் செய்து, "அண்ணா, அவர் என்னை விட்டுட்டுப் போயிட்டார்" என்று சொன்னதும், அந்த வார்த்தையோடு அவள் போனில் சார்ஜ் தீர்ந்துபோனதும் உண்மை. சாயங்காலம் நான் நாலு தடவை கூப்பிட்டும் தாங்கள் எடுக்கவில்லை. ஐந்தாவது தடவை எடுத்து, "உனக்கெல்லாம் வெட்கமா இல்லையா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டீர்கள். நீயே அண்ணனிடம் விவரம் சொல்லம்மா என்று இவளைக் கெஞ்சினேன். "தொலைச்சது நீங்க, நீங்களே சொல்லுங்க" என்று சிரிக்கிறாள். ஆகவேதான் விரைவுத் தபாலில் இந்தக் கடிதம். மச்சான், பஸ்ஸில் ஏறிப் போனது அவள். தரையில் நின்றது நான். யார் யாரை விட்டுவிட்டுப் போனது என்று தாங்களே நியாயம் சொல்லுங்கள்.

கல்யாணமாகி முப்பத்துமூணு வருஷத்தில் தங்கையை நான் ஒரு ஊருக்கும் கூட்டிப்போனதில்லை என்று தாங்கள் எல்லார் முன்னாலும் சொன்னதை மனதில் வைத்துத்தான் இந்தப் பயணத்தையே ஏற்பாடு செய்தேன். ரிடையர் ஆனவன் கைக்கு அடங்குகிற மாதிரி, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரிலேயே ஒரு சின்ன லாட்ஜில் ரூம், அங்கிருந்து தினம் ஒரு பக்கத்து நகரம், காலையில் சாதாரண பஸ்ஸில் போய் இருட்டுவதற்குள் திரும்புவது. முதல் நாள் கோட்டை நகரம், இரண்டாம் நாள் துறைமுக நகரம், மூன்றாம் நாள் மலையடிவார நகரம். பஸ் நேரம், நிற்கிற இடம், எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வெயில் அடிக்காது என்பது வரை கட்டம் போட்டு எழுதி, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். முப்பத்தொரு வருஷம் டெஸ்பாட்ச் செக்‌ஷனில் இருந்தவன் நான். என் கை வழியாகப் போன ஒரு கவர்கூட விலாசம் மாறிப் போனதில்லை.

முதல் நாள் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. கோட்டை என்று போர்டு போட்ட பஸ்ஸில்தான் ஏறினோம், அது முந்தின நாள் போர்டு, மாற்ற மறந்துவிட்டார்கள் என்பது கடைசி நிறுத்தத்தில்தான் தெரிந்தது. அதற்குள் நான் ஜன்னல் வழியாகத் தூரத்தில் தெரிந்த மூணு உயரமான தூண்களைக் காட்டி, அதுதான் கோட்டையின் காவல் கோபுரம், எதிரி வருவதை அங்கிருந்துதான் பார்ப்பார்கள் என்று விளக்கிவிட்டேன். "ஏங்க, காவல் கோபுரத்துல ஏன் புகை வருது?" என்று இவள் கேட்டாள். காவல்காரர்கள் சமைக்கிறார்கள் போலிருக்கிறது என்றேன். சிமெண்ட் ஃபேக்டரி, மச்சான். வந்ததற்கு அதன் வாசலில் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பினோம். நல்ல ஃபேக்டரி.

இரண்டாம் நாள்தான் சம்பவம். துறைமுகம் போகிற வழியில் ஒரு ஊரில் பஸ் பத்து நிமிஷம் நிற்கும் என்றார் கண்டக்டர். என் பை, என் போன், தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் இவள் மடியில் வைத்துவிட்டு, திரும்பி வருகிற பஸ்ஸின் நேரத்தைச் சரிபார்க்க இறங்கினேன். அங்கே அறிவிப்புப் பலகையில் ஒரு நேரம் தப்பாக எழுதியிருந்தது. பார்த்துவிட்டு எப்படி சும்மா வருவது? கவுண்டரில் இருந்தவரிடம் சொன்னேன். அவர் சரிதான் என்றார், நான் இல்லை என்றேன், அவர் பழைய அட்டவணையை எடுத்தார், நான் என் கட்டத்தை எடுத்தேன், கடைசியில் அவரே சாக்பீஸ் எடுத்துத் திருத்தினார். வெற்றியோடு திரும்பிப் பார்க்கிறேன், பஸ் இல்லை.

நடந்தது என்னவென்றால், கண்டக்டர் ஆளை எண்ணிவிட்டு, "அம்மா, உங்க கூட வந்தவர் ஏறிட்டாரா?" என்று கேட்டிருக்கிறார். இவள் திரும்பிப் பார்த்து, பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு முதுகைக் காட்டி நின்ற ஒரு ஆளைக் கைகாட்டி, "அதோ நிக்கிறாரே" என்று சொல்லியிருக்கிறாள். அதே நீலச் சட்டையாம், பின்னந்தலையில் அதே வழுக்கையாம். முப்பத்துமூணு வருஷம் கூடவே இருந்த முதுகு, மச்சான்! ஒரு மருந்துக் கம்பெனி ரெப்பின் முதுகோடு குழப்பிவிட்டாள்.

நான் அடுத்து வந்த பஸ்ஸில் தாவி ஏறி, முன்னால் போகிற பஸ்ஸைப் பிடிக்கணும் என்றேன். "சார், இது கை காட்டின இடத்துலல்லாம் நிக்கிற பஸ். அதை நாளைக்குத்தான் பிடிக்க முடியும்" என்றார் கண்டக்டர். நின்றது. ஒரு அம்மா தையல் மெஷினோடு ஏறினார், ஒருவர் ஜன்னல் சட்டத்தோடு ஏறினார், அந்தச் சட்டத்துக்குள்ளே தலையை விட்டுக்கொண்டுதான் நான் பாதி வழி உட்கார்ந்திருந்தேன். அதற்குள் என் விஷயம் பஸ் முழுக்கப் பரவிவிட்டது. ஒருவர் அம்மாவுக்குக் கோபம் இருக்கும் என்கிறார், தையல் மெஷின் அம்மா, "கோபம் எதுக்கு? நிம்மதியா இருப்பாங்க" என்கிறார். பக்கத்தில் இருந்த நர்ஸ் ஒருத்தர் தன் போனைக் கொடுத்து, வீட்டம்மா நம்பரைப் போடுங்க சார் என்றார். போனை வாங்கினேன். அவள் நம்பர் எனக்குத் தெரியாது, என் நம்பரையும் நான் ஒருநாளும் கூப்பிட்டுப் பார்த்ததில்லை. என் போனில் அது 'வீடு' என்றுதான் இருக்கும், அமுக்கினால் அவள் எடுப்பாள், அவ்வளவுதான். மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் டெஸ்பாட்ச் செக்‌ஷன்.

அதையே போட்டேன். என் இடத்தில் இப்போது இருக்கிற பெண் எடுத்தாள். என் பழைய ஃபைலில் 'அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்' என்ற இடத்தில் ஒரு நம்பர் இருக்கும், படிம்மா என்றேன். படித்தாள். நர்ஸ் போட்டார். ரிங் போனது.

"ஹலோ?" தங்கள் தங்கையின் குரல்.

"நான்தான் பேசறேன்."

"நீங்க யாரு? இது அவர் போன். அவர் பின்னாடி நிக்கிறார். இருங்க, குடுக்கச் சொல்றேன்."

கை மாறிக் கை மாறி என் போன் பஸ்ஸின் பின்பக்கம் போனது. "சொல்லுங்க" என்றது ஒரு ஆண்குரல். நீங்க யாரு என்றேன். "அதைத்தான் சார் நானும் கேக்கலாம்னு இருக்கேன், முன் சீட்டுல ஒரு அம்மா ரொம்ப நேரமா என்னைப் பார்த்துச் சிரிக்கிறாங்களாம்" என்றார் அந்த ரெப். அதன் பிறகுதான் இவளுக்கு விஷயம் புரிந்தது, தங்களுக்குப் போன் செய்தது, தாங்கள் கேட்டது எல்லாம். அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் என்று என் சொந்த நம்பரையே எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்பதைத் தாங்கள் கவனித்திருப்பீர்கள். எவ்வளவு உதவியாக இருந்தது பாருங்கள்.

துறைமுக பஸ் ஸ்டாண்டில் கடிகாரத்துக்குக் கீழே நில், அசையாதே என்று அந்தப் போனிலேயே இவளிடம் சொல்லியிருந்தேன். நான் போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆனது. கடிகாரம் இருந்தது, அவள் இல்லை. நாலு பக்கமும் ஓடினேன். பழக்கடை, செருப்புக் கடை, பெண்கள் காத்திருக்கும் அறை வாசல், எங்கும் இல்லை. மைக்கில் சொல்லுங்கள் என்று தகவல் கவுண்டருக்குப் போனேன். "என்ன கலர் டிரஸ் சார்?" என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. காலையில் எதிரே நின்று பை கட்டினவள். சீக்கிரம், சீக்கிரம் என்று கைக்கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். "உயரம்?" என் தோளுக்கு வருவாள் என்றேன். "கண்ணாடி போடுவாங்களா?" ஊசி கோக்கும்போது போடுவாள் என்றேன். "இதை வெச்சு நான் என்னத்த சார் சொல்றது?" என்று மைக்கை அணைத்துவிட்டார். மச்சான், அந்தக் கவுண்டரிலேயே நின்று அவள் பேரைச் சொல்லிச் சத்தமாகக் கூப்பிட்டேன். அதை மட்டும் அக்காவிடம் படித்துக்காட்ட வேண்டாம்.

அந்த நேரத்தில் ஒரு டவுன் பஸ் வந்து நின்றது, அதிலிருந்து இவள் சாவகாசமாக இறங்கி, டிரைவருக்குக் கையாட்டிவிட்டு வருகிறாள். "வந்துட்டீங்களா? சும்மா நிக்கிறதுக்கு ஒரு சுத்து போயிட்டு வந்தேன்" என்கிறாள். திட்டத்தான் வாயைத் திறந்தேன். கையைப் பிடித்துக்கொண்டேன், பஸ் ஸ்டாண்ட் நடுவில், எல்லாரும் பார்க்க. "என்னங்க இது" என்றாள், ஆனால் உருவிக்கொள்ளவில்லை.

திரும்பும்போது ஜன்னல் பக்கம் அவளுக்கு. ஊர் முழுக்க ஒரே சீட்டில் உட்கார்ந்து சுற்றியிருக்கிறாள். கடல் எந்தத் தெருவின் முடிவில் திடீரென்று தெரிகிறது, எந்தக் கப்பல் கிளம்ப முடியாமல் மூணு மாசமாக நிற்கிறது, அதன் சமையல்காரர் தினம் இந்த பஸ்ஸில்தான் காய்கறி வாங்க வருகிறார், எல்லாம் சொன்னாள். ரூம் வரும்வரை பேச்சு. நான் கட்டத்தைச் சட்டைப் பையை விட்டு எடுக்கவே இல்லை. இவள் இவ்வளவு பேசுவாள் என்று தங்களுக்குத் தெரியுமா, மச்சான்? எனக்குத் தெரியாது.

ஆகையால் தாங்கள் ஒன்றுக்கும் கவலைப்பட வேண்டாம். இன்று மலையடிவார நகரம். எல்லாம் என் கையில் இருக்கிறது. பஸ் கிளம்பினதிலிருந்து நிற்கிறவரை தங்கள் தங்கை என் பார்வையை விட்டு ஓரடி நகர மாட்டாள் என்று உறுதி கூறுகிறேன். அக்காவுக்கு என் வணக்கத்தையும், பிள்ளைகளுக்கு என் ஆசியையும் சேர்ப்பிக்கவும். தங்கள் முழங்காலும் கோபமும் ஒன்றாக இறங்க வாழ்த்தும்,

தங்கள் அன்புள்ள மைத்துனன்.

பி.கு.: கவரை ஒட்டப் பசை கேட்டுக் கீழே போனேன். லாட்ஜ் மேனேஜர் பசையோடு ஒரு துண்டுச் சீட்டும் கொடுத்தார். "ரெண்டு தடவை கூப்பிட்டாங்களாம் சார், நீங்க எழுதிட்டே இருந்தீங்களாம். அம்மா ஒன்பதே முக்கால் பஸ்ல கிளம்பிட்டாங்க" என்றார். சீட்டில் அடுத்த பஸ்ஸின் நேரம், அது நிற்கிற இடம், எங்கே இறங்க வேண்டும், இறங்கி யாரிடம் வழி கேட்க வேண்டும் எல்லாம் தெளிவாக எழுதியிருக்கிறாள். கடைசி வரியின் கீழே மட்டும் இரண்டு கோடு போட்டிருக்கிறது: 'நடுவில் எங்கேயும் இறங்க வேண்டாம்.'