திருக்கை வலையில் போன கோல்

எங்கள் கால்பந்துக் கழகத்தின் வரலாற்றில் தோற்ற ஆட்டங்களுக்குக் குறைவே இல்லை. கோல் போட்டவனே தோற்கடித்த ஆட்டம் ஒன்றுதான். அந்த மகான் நான். (வெட்கமா? எனக்கா? எதற்கு?)

எழுபதுகளில் தூத்துக்குடி உப்பளத்தை ஒட்டிய பொட்டலில் ஆடுவோம். அன்று மணப்பாட்டு அணியோடு ஆட்டம். ஜெயிக்கிறவர்களுக்கு மாவட்டப் போட்டியில் இடம். அதற்காகத்தான் ஆறு வருஷமாக வெறுங்காலில் முள் குத்திக்கொண்டிருந்தோம்.

கோல் கம்பங்களுக்கு மீன்வலைதான் கட்டுவோம். கேப்டன் சேவியர் அண்ணன் ஒரு பக்கம் பொடிக் கண் உள்ள சாளைமீன் வலையைக் கட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஏலே, அந்தப் பக்கத்துக்கும் சாளை வலையே கொண்டா."

"நான் அடிக்கிற அடிக்கு அது கிழிஞ்சிரும்ண்ணே."

மாமாவின் திருக்கை வலையைத் தூக்கி வந்து கட்டினேன். ஆளுயரத் திருக்கை மீனையே நிறுத்துகிற வலை. அதன் கண் ஒவ்வொன்றும் என் தலை அகலம் இருக்கும் என்று யோசிக்க, அந்தத் தலையில் அன்று ஒன்றும் இல்லை.

ஆட்டம் முடிய ஐந்து நிமிடம். இரண்டு பக்கமும் கோல் இல்லை. நான் அடித்தேன். பந்து அவர்கள் கோல்கீப்பர் அந்தோணியைத் தாண்டி, வலைக்கண் வழியாக நழுவி, உப்புப் பாத்தியில் போய் விழுந்தது. வலை அசையவே இல்லை.

நடுவர் வயற்காட்டு ஊர்க்காரர். மீனைக் குழம்பில்தான் பார்த்திருப்பார். "வலை ஆடலியேப்பா. பந்து வெளியே போயிருக்கு" என்று கோல் கிக் கொடுத்துவிட்டார்.

"இங்கன பாருங்கய்யா, தலையே போவுது!" என்று கத்தியபடி வலைக்குள் தலையை விட்டேன். போனது. திரும்பி வரவில்லை. காது இரண்டும் மாட்டிக்கொண்டன. எங்கள் ஆட்கள் அத்தனை பேரும், கோல்கீப்பர் உட்பட, என்னை இழுக்க ஓடி வந்தார்கள். அந்த நேரம் பார்த்து, பாத்தியிலிருந்து பந்தை எடுத்து வந்த அந்தோணி நீளமாக உதைக்க, அவர்கள் ஆள் ஒருவன் ஆளில்லாத எங்கள் கோலுக்குள் அதைத் தள்ளினான். சாளை வலை பந்தை அழகாகப் பிடித்துக்கொண்டது.

சேவியர் அண்ணன் என் காதை விடுவித்துவிட்டு, "தலை இருக்கு. வச்சு என்னல செய்ய?" என்றார். அவர் முகத்தைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை. அதற்குப் பிறகு எங்கள் கழகம் மாவட்டப் போட்டியை எட்டவே இல்லை.

பின்னாளில் அந்தோணியின் தங்கையையே கட்டினேன். (பழிவாங்க அல்ல. விசாரிக்க வசதி.) தாலி கட்டிய கையோடு கேட்டேன்.

"மச்சான், உண்மையைச் சொல்லும். அது கோல்தானே?"

"வலை ஆடலியே மாப்ள."

இன்றும் நான் கொசுவலை கட்டப் போனால் என் மனைவி விடுவதில்லை. "கண்ணு சின்னதான்னு பாத்துக்கிடுங்க. தலையை விட்டுட்டு எங்க அண்ணனைக் கூப்பிடாதீங்க" என்பாள். பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும்.

சிரிக்கட்டும். இரண்டு கம்பத்துக்கும் நடுவேதான் பந்து போனது. அது கோல்தான்.