பல் வைத்தியர் வேலி கட்டிய படலம்

வாழ்க, இங்வே லிண்ட்மார்க்! வடக்கே பனிநாட்டு ஸ்மோலாந்தின் ஏரிக்கரைத் தெருவுக்கு வாய்த்த ஒரே அணிகலனே, கடைவாய்ப் பல்லைக் கண்ணிமைக்கும் முன் பிடுங்கிக் கிண்ணத்தில் டிங்கென்று போடும் குறட்டுக் கொற்றவனே, ‘லேசா சுருக்குன்னு இருக்கும், அவ்வளவுதான்’ என்ற ஒற்றை வாக்கியத்தால் ஊரையே நடுநடுங்க வைத்த பெருந்தகையே! உமது வேலிப் போரை எதிர்வீட்டு ஜன்னலருகே உட்கார்ந்து ஒரு காட்சி விடாமல் பார்த்த நான் பாடத் துணிந்தேன். பிழை இருந்தால் பழி என் மூக்குக்கண்ணாடியைச் சேரட்டும்.

அந்த ஆண்டு பனி படையெடுத்து வந்தது. ஜனவரியில் தூசிப்படையாகத் தூவிய பனி, பிப்ரவரியில் ஈரமும் எடையும் கூடி யானைப்படையாக இறங்கியது. தெருவைக் காக்க வந்த பனிவாரி வண்டியோ, யார் பக்கமும் சாயாதது போல் பாவனை செய்துகொண்டே, வாரிய பனியையெல்லாம் இங்வேயின் வேலிமேல் மலையாகக் குவித்துவிட்டுப் போனது. மண்ணுக்கடியில் புகுந்த உறைபனி, ஒற்றர் வேலை பார்த்து, தூண்களை ஒவ்வொன்றாக மேலே தள்ளியது. ஏப்ரலில் எல்லாம் உருகி வடிந்தபோது, போன கோடையில்தான் இங்வே கட்டி ஊர் மெச்சிய அந்த வெள்ளை வேலி, ஐஸ் ஹாக்கி ஆடிப் பல்லைப் பறிகொடுத்து வந்தவனின் வாயைப் போல இளித்துக்கொண்டு நின்றது.

வேலிதானே, மெதுவாகக் கட்டினால் போயிற்று என்பவர்களுக்கு எங்கள் காட்டு மான்களைத் தெரியாது. இங்வேயின் மனைவி குன்வோர் மூன்று முறை டூலிப் கிழங்கு ஊன்றியும், மூன்று இளவேனிலிலும் ஒரு பூவைக்கூட விரிந்து பார்த்ததில்லை. மொட்டு சிவக்கும் அந்தியில் மான்கள் வந்து, விருந்தாளிகளைப் போல நிதானமாகத் தின்று, காம்பை மட்டும் மரியாதைக்கு விட்டுவைத்துப் போய்விடும். போன இலையுதிர் காலத்தில் நான்காம் முறையாக அந்த அம்மாள் மண்ணில் மண்டியிட்டார். வலிக்கும் முழங்காலோடு அவர் ஊன்றியதைப் பார்த்தபோது எனக்கே மனசு கேட்கவில்லை.

“இங்க பாரு இங்வே,” என்றார் குன்வோர். “இந்தத் தடவையும் ஒரு பூ விரிஞ்சு நான் பாக்கலைன்னா, தோட்டம் முழுக்க ஜல்லியைக் கொட்டிடுவேன். உன் புல்தரையையும் சேத்துத்தான் சொல்றேன்.”

அது கேட்ட வீரர், கவிழ்த்த வாளிமேல் ஏறி நின்று, சுத்தியலை விண்ணோக்கி உயர்த்தி, “மான் குலமே, கேள்! என் வேலி நிற்கும் வரை உன் குளம்பின் நிழல்கூட இந்த மண்ணில் விழாது!” என்று முழங்கினார். உள்ளபடி அவர் சொன்னது “சரி, பண்ணிடலாம்” என்பதுதான். மீதியை நான் சேர்த்துக்கொண்டேன்.

“வாளியிலேர்ந்து இறங்கு முதல்ல,” என்றார் குன்வோர். “அது ஏற்கெனவே கீறல் விட்டது.”

ஏப்ரலின் கடைசி நாள் போர் மூண்டது. சாய்ந்த தூண்களை முன்னும் பின்னும் ஆட்டி, பக்கவாட்டில் திருகி, முழுக்கத் தொழில் முறைப்படியே வேரோடு பிடுங்கினார் இங்வே. பழக்க தோஷத்தால் ஒரு தூணிடம் “அவ்வளவுதான், முடிஞ்சுது” என்று ஆறுதலும் சொன்னார். உறைபனியின் கை எட்டாத ஆழத்துக்குக் குழி பறித்து, புதுத் தூண்களை நட்டு, கான்கிரீட் ஊற்றினார். அது இறுகும்வரை பலகைகளை அறைய முடியாது. ஆகவே நுனியைக் கடைவாய்ப் பல் வடிவில் தாமே வட்டமாக அறுத்திருந்த வெள்ளைப் பலகைகளைத் துடைத்து, ஈரப்புல்லில் வைக்க மனமின்றித் தெருவோரம் அடுக்கிவிட்டு, சாப்பிட்டு, சோபாவில் சாய்ந்து, களம் கண்ட களிறு போல் குறட்டை விட்டார்.

அன்றைக்கு வால்போரி நாள். அந்தி சாயும்போது ஊர் கூடி, ஏரிக்கரையில் பெருநெருப்பு மூட்டி, குளிர்காலத்தைப் பாட்டுப் பாடி அனுப்பி வைப்போம். அதற்காக எல்லாரும் கழித்த மரத்தைத் தெருவோரம் வைப்பார்கள். மூன்றாம் வீட்டு ஸ்டெல்லான் டிராக்டரில் வந்து ஏற்றிக்கொள்வார். எங்கள் ஊரில் இன்னொரு நற்குணமும் உண்டு. அடுத்த வீட்டு மணியை அடித்துத் தொல்லை தர மாட்டோம். ஆகவேண்டிய உதவியைச் சத்தம் போடாமல் செய்துவிட்டுப் போய்விடுவோம். ஸ்டெல்லானும் சத்தம் போடாமல் செய்துவிட்டுப் போனார்.

மாலையில் குன்வோர் உலுக்கி எழுப்ப, பாட்டுக் குழுவில் அடித்தொண்டை பாடும் இங்வே பதறியடித்துக்கொண்டு பின்வாசல் வழியாகவே ஓடினார். பாடி முடித்ததும் வந்து, மிச்ச வெளிச்சத்தில் பலகைகளை அறைந்துவிடுவதாகத் திட்டம். நெருப்பு வானளாவியது. இளவேனிலை வரவேற்கும் பாட்டின் இரண்டாம் அடியில், இழுத்துப் பிடித்த கீழ்ச்சுரத்தின் நடுவே, நெருப்பின் உச்சியில் கடைவாய்ப் பற்கள் வரிசையாகக் கருகுவதைக் கண்டார் நம் வீரர். கண்டும் சுரத்தை விடவில்லை. குழுவில் பாதியில் நிறுத்துவது அநாகரிகம்.

பாட்டு முடிந்ததும் ஸ்டெல்லான் முகமெல்லாம் சிரிப்பாக வந்து தோளைத் தட்டினார். “உன் பலகைதான்யா இன்னிக்கு ராஜா! எப்படி எரியுது பாரு! நீ தூங்கறேன்னு தெரிஞ்சுது, நானே ஏத்திட்டேன்.”

விண் இடிந்தாலும் கலங்காத நெஞ்சினர், மலை பெயர்ந்தாலும் மாறாத சொல்லினர், அந்தக் கணத்தில் திறந்த வாயால் உரைத்தது யாதெனில்: “ரொம்ப நன்றி, ஸ்டெல்லான். உனக்குத்தான் வீண் சிரமம்.”

பிறகு ஓடினார் பாருங்கள், அப்படி ஓர் ஓட்டத்தை இந்தத் தெரு கண்டதில்லை. வெறும் தூண்களுக்கு அப்பால், தன் முறைக்குக் காத்திருக்கும் நோயாளிகள் போல, மான்கள் பொறுமையாக நின்றன. தூணுக்கும் தூணுக்கும் நடுவே இரு கைகளையும் விரித்து, தானே வேலியாகி நின்றார் இங்வே. மான்கள் அடுத்த இடைவெளிக்கு நகர்ந்தன. அவரும் நகர்ந்தார். அவை திரும்பி முதல் இடைவெளிக்கே வந்தன.

“மூச்சு வாங்குது, இனி என்னால முடியாது குன்வோர்,” என்றார் இங்வே. “மன்னிச்சிடு.”

பின்னாலேயே வந்து சேர்ந்த குன்வோர் தூண்களைப் பார்த்தார், மான்களைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார். திட்டவில்லை. உள்ளே போய் சமையலறைக் கத்தரிக்கோலோடு திரும்பினார். “அதுங்களைக் கொஞ்சம் பிடிச்சு வை. நான் வெட்டிடறேன்.” மண்டியிட்டு, மொட்டு மொட்டாக, ஒன்று மிச்சமில்லாமல் நறுக்கி அள்ளிக்கொண்டு உள்ளே போனார். மான்கள் வெற்றுத் தரையை முகர்ந்துவிட்டு, கொஞ்சம் புண்பட்டவை போலக் காட்டுக்குத் திரும்பின.

பொழுது புலர்ந்தது. எங்கும் ஜாடிகளிலும் குவளைகளிலும் முட்டைக் கிண்ணங்களிலும், இங்வே வாய் கொப்பளிக்கும் டம்ளரிலும் நின்ற மொட்டுகள், அடுப்பங்கரை வெதுவெதுப்பில் ஒன்றுவிடாமல் விரிந்து, செங்கொடிச் சேனையாகச் சமையலறையை நிறைத்திருந்தன. ஒரு பூவுக்குள் குனிந்து பார்த்த குன்வோர் அழுதுவிட்டார்.

“உள்ள கருப்பா நட்சத்திரம் மாதிரி இருக்கு, பாத்தியா? இத்தனை வருஷமா எனக்குத் தெரியவே தெரியாது.”

பனிப்படை பணிந்தது, மான்படை மீண்டது, வேலியை நெருப்புக்கு ஈந்து பூவைக் காத்த வள்ளல், கொற்றக் குறடு ஏந்திய கோமான், வெற்றித் திருமகள் வழிவிட, அரியணை அனைய சமையலறை முக்காலியில் வீற்றிருந்து, காலைக்குரிய பானம் வேண்டிக் கை நீட்டினார்.

குவளை ஒன்றும் மிச்சமில்லாததால் காப்பியைச் சூப் கிண்ணத்தில் குடித்தார்.