அண்ணனைக் குப்பையில் போட்ட கதை

பத்தாவதில் ஃபெயிலானவன் கையில் கம்ப்யூட்டர் கிடைத்தால் சும்மா இருக்க மாட்டான். பாஸானவர்களுக்கு அது வேலை. ஃபெயிலானவனுக்கு, தான் மக்கு இல்லை என்று ஊருக்குக் காட்டக் கிடைத்த சான்ஸ். நான் காட்டிய லட்சணத்தில் எங்கள் அண்ணனே குப்பைக்குப் போய்ச் சேர்ந்தான்.

அப்போது அண்ணாமலை நகரில் ஒரு பிரவுசிங் சென்டரில் எனக்கு வேலை. தினமும் கடலூரிலிருந்து பஸ். படிப்பு முடித்துக் கிளம்பிய ஒரு ஹாஸ்டல் மாணவர் தன் பழைய கம்ப்யூட்டரை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். அதில் அவர் சொல்லிக்கொடுத்தபடியே வீட்டுக்கென்று ஒரு மெயில் சர்வர் போட்டேன். (சொந்தமாகப் போஸ்ட் ஆபீஸ் வைத்துக்கொள்வது மாதிரி. என்ன, கரண்ட் போனால் போஸ்ட் ஆபீஸும் போய்விடும்.) அதில் இருந்தது ஒரே பெட்டி. அதுவும் அப்பா பெயரில்.

அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஃபிட்டர் அவர். "எம் பையன் எம் பேருலயே மெயிலு வச்சிக் குடுத்துருக்கான்" என்று ஷிஃப்ட் முழுக்கச் சொன்னார். அதோடு விட்டிருக்கலாம். லீவு நாளில் என்னோடு சென்டருக்கு வந்து, மெயில் முகவரி கேட்கிற கட்டம் எங்கே கண்ணில் பட்டாலும் ஒற்றை விரலால் தட்டி நிரப்பினார். உலகத்து லாட்டரிக்காரன், வழுக்கைக்கு மருந்து விற்பவன் எல்லோருக்கும் அப்பா பழக்கமானார்.

பிறகு ஒரு நாள் அப்பா போய்விட்டார். நெஞ்சுவலி. (இதற்கு மேல் எழுத எனக்கு வரவில்லை.) அவருக்கு வந்த மெயில் மட்டும் நிற்கவில்லை.

குவைத்திலிருந்த அண்ணனுக்கு லீவு கொடுக்காததால் சாவுக்கு வர முடியவில்லை. போன் செய்தால் அம்மா அழுவாள், அவனும் அழுவான், அழுதே கார்டு தீர்ந்துவிடும். அதனால் விஷயம் எதுவானாலும் மெயிலில்தான் எழுதுவான். அத்தனை லாட்டரிக்கு நடுவில் அவன் மெயிலைத் தேடி மாளாமல், ஸ்பாம் ஃபில்டர் ஒன்றைப் போட்டேன். அதற்கு நாம்தான் பாடம் எடுக்க வேண்டும். வேண்டியதை 'நல்லது' பெட்டியிலும் வேண்டாததைக் 'குப்பை'யிலும் போட்டுக் காட்டினால், பார்த்துப் பழகி, பிறகு அதுவே பிரித்துவிடும்.

பாடம் எடுக்க உட்கார்ந்தேன். அம்மாவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஒங்கப்பாவுக்கு வந்தத எனக்குப் படிச்சிக் காட்டாம எப்புடிடா தூக்கிப் போடுவ?"

எனக்குத் தெரிந்த இங்கிலீஷை வைத்துத் தமிழாக்கிப் படித்தேன். ஏதோ ஒரு நாட்டு ராணுவ அதிகாரியின் மனைவி. 'அன்பு நண்பரே, உங்களுக்கும் குடும்பத்துக்கும் கடவுள் சுகம் தரட்டும். என் கணவர் காலமாகிவிட்டார். அவர் விட்டுப்போன கோடிகளை...'

"அய்யோ பாவம், அவளும் தாலியறுத்தவளா?"

"ம்மா, இது ஏமாத்து வேல. எழுதுறவன் மீச வச்ச ஆம்பளயா இருப்பான்."

"புருசன் செத்துட்டான்னு எவளாவது பொய் சொல்லுவாளா? நல்லதுல போடு."

அப்பா போனதிலிருந்து அம்மா இன்னொருவருக்காகப் பாவப்பட்டது அன்றுதான். போட்டுவிட்டேன்.

அடுத்தது அண்ணன். இன்சூரன்ஸ் ஃபாரத்தில் அம்மாவிடம் கையெழுத்து வாங்கு, பாஸ்புக் ஜெராக்ஸ் எடுத்து வை.

"படிச்சாச்சில்ல? தூக்கிப் போடு."

"குப்பையிலயா?"

"பின்ன? வச்சி பூசையா பண்றது?"

தினமும் சாயங்காலம் இப்படியே வகுப்பு நடந்தது. விதவைகள் நல்லதுக்கு, அண்ணன் குப்பைக்கு. ஒரு விதவைக்கு அம்மா என்னை வைத்துப் பதிலே போட்டாள்: 'காசப் பத்திக் கவலப்படாத. வேளைக்கு சாப்புடு.' (அந்த ஆள் அப்புறம் எழுதவேயில்லை. திருந்தியிருப்பான்.) ஃபில்டர் என்னை மாதிரி இல்லை, படிப்பில் கெட்டி. சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டது.

முதல் வருஷத் திவசம் நெருங்கியது. லீவு கிடைத்ததும் எழுதுகிறேன் என்றிருந்தான் அண்ணன். எதுவும் வரவில்லை. காடாம்புலியூரிலிருந்து அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, ஒரு பலாப்பழத்தோடு வந்து இறங்கினார்.

"என்னாடா மாப்ள, ஒங்கண்ணன் சேதியே காணும்?"

"மெயில் வரல மாமா."

"சாவுக்கும் வரல, தெவசத்துக்கும் வரலன்னா அவன் என்னா புள்ள? நீயே உக்காருடா."

அம்மா வாசலையே பார்த்தாள்.

திவசத்தன்று காலை. ஐயர் என் விரலில் தர்ப்பையை மாட்டி முடித்தார். வாசலில் ஆட்டோ வந்து நின்றது. பெரிய பெட்டியோடு அண்ணன்.

"எத்தினி மெயிலுடா போடுறது? ஏர்போர்ட்டுக்கு வாங்கன்னு எழுதுனேன், ஒரு நாய் வரல. நான் வேணாம்னா சொல்லிடுங்க, அப்புடியே போயிடறேன்!"

ஓடிப்போய்க் குப்பையைத் திறந்தேன். அவன் எழுதியதெல்லாம் பத்திரமாக இருந்தது. நல்லதில், காலையில் வந்த ஒரு புது விதவை.

"எவடா இவ?" என்றான் அண்ணன், என் தோளுக்கு மேலே எட்டிப்பார்த்து.

அம்மாதான் பதில் சொன்னாள். "அவ ஒங்கப்பாவ, குடும்பத்த, நல்லா இருக்கீங்களான்னு கேக்குறா. நீ ஃபாரம், பாஸ்புக்குன்னே எழுதுற. நான் எதடா வச்சிக்கறது?"

அண்ணன் என் விரலிலிருந்த தர்ப்பையை உருவித் தன் விரலில் மாட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தான். (ஐயர் அலறியதைத் தனியாக எழுத வேண்டும்.)

குவைத்துக்குக் கிளம்பும்போது, "இனிமே குப்பைக்குப் போவாம இருக்க என்னா பண்ணணும்?" என்று கேட்டான்.

"அந்தப் பொம்பளைங்க மாதிரி எழுது" என்றேன், விளையாட்டாக. நம்பிவிட்டான்.

முதல் மெயில் வந்தது: 'அன்பு நண்பரே, உனக்கும் அம்மாவுக்கும் கடவுள் சுகம் தரட்டும். காலஞ்சென்ற என் தகப்பனார் ஒருமுறை என்ன சைக்கிள்ல சில்வர் பீச்சுக்குக் கூட்டிட்டுப் போயி, அங்கியே மறந்துட்டு வீட்டுக்கு வந்துட்டாரு...' அதற்கெல்லாம் கீழேதான் பாஸ்புக்.

இன்றைக்கும் மாமா வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்பது இதுதான்: "குவைத்து விதவ என்னா எழுதிருக்கா? படிடா." அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

ஃபில்டரைத் திவசத்துக்கு மறுநாளே சரிசெய்துவிட்டேன். அண்ணனிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் மறுபடி பாஸ்புக்குக்குப் போய்விடுவான்.