கிரேன் அண்ணாச்சி வீட்டுச் சொதி

கிரேன் அண்ணாச்சி வீட்டுக் கிறிஸ்துமஸ் விருந்தை மூன்று வருஷம் பார்த்தும் மாரடைப்பு வராமல் நடமாடுகிற ஒரே சைவக்காரன் இந்த உலகத்தில் நான்தான். நம்பாதவர்களை ஒரு டிசம்பருக்குத் தூத்துக்குடிக்கு அனுப்பி வைக்கத் தயாராக இருக்கிறேன். திரும்பி வந்தால் பேசிக்கொள்ளலாம்.

எனக்குத் தாமிரபரணிக் கரையில், ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஒரு கிராமம். கேக்கில் முட்டை இருக்குமோ என்று பிறந்தநாள் வீடுகளில் கூடச் சந்தேகத்தோடு உட்காரும் குடும்பம். அப்படிப்பட்டவனுக்குத் தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை கிடைத்து, கடற்கரைத் தெரு ஒன்றில், அண்ணாச்சி வீட்டு மாடியில் வாடகைக்கு இடமும் கிடைத்தது.

அண்ணாச்சி துறைமுகத்தில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருடைய சொந்தப் பெயர் கூரியர்காரனுக்கே தெரியாது. அறுபது அடி உயரத்தில் உட்கார்ந்து கீழே நிற்பவர்களோடு பேசிய பழக்கத்தில், பக்கத்தில் நிற்பவரிடமும் அறுபது அடிக்கான குரலில்தான் பேசுவார். தொண்டை கட்டிக்கொண்டால் கிரேன்காரர்களின் கைஜாடை. ஆள்காட்டி விரலை மேலே காட்டிச் சுற்றினால் 'தூக்கு', உள்ளங்கையைக் கவிழ்த்து அசைத்தால் 'இறக்கு', முஷ்டியை மடக்கினால் 'நில்'. வீட்டில் சாப்பாடு பரிமாறுவதும் இதே முறைதான். என்னைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. மாடியில் இருப்பதால் நான் 'மாடி'.

குடியேறிய முதல் மாதமே, ஒரு ஞாயிற்றுக்கிழமை, கீழேயிருந்து சத்தம் வந்தது.

"ஏலே மாடி! எறங்கி வா, கூட்டம்!"

ஏதோ சாவுச் செய்தி என்று பதறி இறங்கினால், கூடத்தில் வெள்ளைப் பலகை ஒன்றை மாட்டி வைத்து, அண்ணாச்சியின் உறவுக்காரர்கள் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கிறிஸ்துமஸ் மதியச் சாப்பாட்டுக்கு என்ன சமைப்பது என்று முடிவு செய்யும் கூட்டம். வருஷா வருஷம் நடக்கும் குடும்ப வழக்கம். அதற்கு நான் தலைவர்.

"நான் சைவம், அண்ணாச்சி."

"அதுக்குத்தாம்ல ஒன்னக் கூப்பிட்டது. இங்கன எல்லாவனும் தனக்குப் பிடிச்சதுக்குக் கை தூக்குவான். ஒனக்கு எதுவும் பிடிக்காது. நீதான் நடுநிலை."

இரண்டு மணி நேரம் சண்டை. வாத்தா, ஆடா என்பதில் ஒரு மைத்துனர் வெளிநடப்புச் செய்தார். கடைசியில் ஆட்டுக்கறிப் பிரியாணி ஒரு வாக்கில் ஜெயித்தது. நான் பலகையில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

கிறிஸ்துமஸ் அன்று காலை பால் வாங்கப் போகும்போது அண்ணாச்சி எதிரே ஸ்கூட்டரில் வந்தார். பின் சீட்டில் மழைக்கோட்டும் தொப்பியும் போட்ட ஒருவர் அவர் முதுகில் சாய்ந்திருந்தார். விருந்துக்கு வந்த சொந்தக்காரராக்கும் என்று நினைத்து, "வணக்கம், வாங்க" என்றேன். ஸ்கூட்டர் நின்றது. தொப்பிக்குக் கீழே பார்த்தேன். என் வணக்கத்தை வாயைப் பிளந்து ஏற்றுக்கொண்டது ஓர் ஆள் உயரக் களவா மீன்.

"கரையில கெடந்துச்சு மாடி. பாத்ததும் விட மனசு வரல. பிரியாணி அடுத்த வருசம்!"

கூட்டத்தில் என்ன முடிவானாலும் அன்றைக்கு வேறொன்றுதான் சமைக்கப்படும் என்பதும் குடும்ப வழக்கம் என்று அண்ணாச்சியின் மனைவி ரெஜினா அக்கா பிறகு சொன்னார்.

அடுத்த வருஷம் பிரியாணியே வந்தது. ஆனால் வழியில் நின்றுவிட்டது. மொட்டை மாடியில் காற்றாடச் சாப்பிடலாம் என்று அண்ணாச்சி முடிவெடுத்து, பிரியாணி வெந்த பெரிய வட்டாவை மேலே ஏற்ற, பாரம் தூக்கும் செயின் பிளாக் ஒன்றைக் கைப்பிடிச் சுவரில் கட்டியிருந்தார். ரெஜினா அக்கா மேலே நின்று சங்கிலியை இழுக்க, அண்ணாச்சி தெருவில் நின்று ஜாடை காட்டினார். பாதி வழியில் வட்டா ஆடியது. அண்ணாச்சி கட்டை விரலைக் கீழே காட்டினார். கிரேன் ஜாடையில் அதற்குக் கொஞ்சம் மட்டும் இறக்கு என்று அர்த்தம். அக்காவோ உப்பு சரியில்லை என்று புரிந்துகொண்டு, சங்கிலியை விட்டுவிட்டு அடுப்படிக்கு ஓடிவிட்டார். செயின் பிளாக் விட்ட இடத்திலேயே பூட்டிக்கொள்ளும் ஜாதி. நாற்பது பேருக்கான பிரியாணி என் ஸ்கூட்டருக்கு நேர் மேலே, அந்தரத்தில், ஆவி விட்டுக்கொண்டு நின்றது. வீடுகளை ஆசீர்வதிக்க வந்த பாதிரியார் அண்ணாந்து பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். அது வாழ்த்தா, பயமா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இதெல்லாம் சின்ன அதிர்ச்சிகள். பெரியது மூன்றாம் வருஷம் வந்தது.

அண்ணாச்சியின் ஒரே மகள் சில்வியா சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தாள். கூட வேலை பார்த்த பையனையே கட்டிக்கொண்டாள். பையன் எங்கள் ஆற்றங்கரைப் பக்கம், சுத்த சைவக் குடும்பம். அவன் பெற்றோர் சில்வியாவைத் தங்கள் வீட்டில் நன்றாகவே ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் கல்யாணம் முடிந்து ஒன்றரை வருஷமாகியும் அண்ணாச்சி வீட்டு வாசலை மிதிக்கவில்லை. மீன் வேகிற வீட்டில் தண்ணீர் கூடக் குடிக்க மாட்டோம் என்று சொன்னதாகக் கேள்வி. இப்போது சில்வியாவுக்கு ஏழாம் மாதம். அவள் அழுது கேட்டதில், இந்தக் கிறிஸ்துமஸுக்கு வருவதாகச் சம்பந்தி ஒப்புக்கொண்டார்.

அந்த வருஷக் கூட்டத்தில் அண்ணாச்சி பேசவே இல்லை. பதினோரு பேரும் பயந்துபோனார்கள். பிறகு என்னைப் பார்த்தார்.

"மாடி, ஒங்க பக்கம் சம்பந்தி வந்தா என்னல செய்விய?"

"சொதி, அண்ணாச்சி. தேங்காப்பால், பாசிப்பருப்பு, முருங்கக்கா. கூட இஞ்சிப் பச்சடி, உருளக்கெழங்கு."

"சொதி நாங்களும்தான் வைப்போம். என்ன மீனு போடுவாவ?"

"மீன் போட மாட்டாவ, அண்ணாச்சி."

"மீனில்லாம சொதியா!"

"சொதியில மீனா!" என்றேன் நான்.

இருவரும் ஒருவரையொருவர் கொலைகாரனைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டோம்.

முடிவை அவரே அறிவித்தார். இந்தக் கிறிஸ்துமஸ் முழுச் சைவம். தருவைகுளத்திலிருந்து வந்திருந்த அவருடைய மூத்த அக்கா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "நம்ம வீட்டுல கறி வேவாத கிறிஸ்மஸ் உண்டாடா? அப்பா கேட்டா கல்லறையிலேர்ந்து எந்திரிச்சிருவாவடா!"

"எந்திரிச்சா அவுகளுக்கும் ஒரு எல போடுவோம்" என்றார் அண்ணாச்சி.

அதன்பிறகு அந்த வீட்டில் நடந்தது எதுவும் சாதாரண மனிதர் செய்கிற காரியம் இல்லை. அடுப்படிக்கு வெள்ளை அடித்தார். மீன் வாடை போகாது என்று பழைய சட்டிகளைப் பரணில் ஏற்றிவிட்டுப் புதுச் சட்டிகள் வாங்கினார். மூன்று வாரம் வீட்டுக்குள் மீன் நுழையவில்லை. பழக்கப்பட்ட பூனை இரண்டு நாள் வாசலில் நின்று பார்த்துவிட்டு எதிர்வீட்டுக்குக் குடிபோய்விட்டது. வாரத்துக்கு மூன்று தடவை சொதி ஒத்திகை. ருசி பார்ப்பவன் நான். ஆபீஸில் தும்மினால் தேங்காய்ப்பால் வருமோ என்று பயப்படும் நிலைக்கு வந்துவிட்டேன்.

"எப்படிருக்கு?"

"சுமார், அண்ணாச்சி."

ஒன்பது ஒத்திகையிலும் இதே பதில்தான். பொய் சொல்ல மனசு வரவில்லை. கையெல்லாம் மீனுக்குப் பழகிய மனுஷன். முருங்கைக்காயை அவர் வெட்டிய விதமே முள் எடுப்பதுபோல இருக்கும்.

கிறிஸ்துமஸ் வந்தது. பதினோரு மணிக்குச் சம்பந்தியும் அவர் மனைவி கோமதியம்மாளும், சில்வியாவோடும் மாப்பிள்ளையோடும் காரிலிருந்து இறங்கினார்கள். சம்பந்தி நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு, நாற்காலி நுனியில், ஆஸ்பத்திரியில் முறைக்குக் காத்திருப்பவர்போல உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தார்கள். சில்வியாவின் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு வாய் குடித்தார். ரெஜினா அக்கா அடுப்படிக்குள் ஓடிப்போய்ப் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இலை போட்டாயிற்று. சோறு விழுந்தது. அடுப்படியில் அண்ணாச்சி வழக்கம்போல என் உள்ளங்கையில் ஒரு கரண்டி சொதியை ஊற்றினார். ஒரு வாளிச் சொதியோடு ரெஜினா அக்கா ஏற்கனவே கூடத்துக்குப் போய்விட்டார்.

நான் நக்கிப் பார்த்தேன். எனக்குக் கண் விரிந்துவிட்டது.

"அண்ணாச்சி! பிரமாதம்! எங்க அம்மா கூட இப்பிடி வச்சதில்ல. என்ன செஞ்சிய?"

அண்ணாச்சியின் முகம் வெளுத்தது.

"ஒம்பது தடவ சுமார்னவன், இப்ப பிரமாதம்ங்கியேல" என்று முணுமுணுத்தார். கரண்டியை மூக்கருகே கொண்டுபோய் மோந்தார். இன்னொரு முறை மோந்தார். பிறகு மெதுவாகத் திரும்பினார்.

"யக்கா... இதுல என்னக்கா போட்ட?"

மூத்த அக்கா அசையாமல் நின்றார். "சப்புனு இருந்துச்சிடா. வந்தவுக மொகஞ்சுளிச்சா ஒனக்குல்லா அவமானம். ஊர்லேர்ந்து கொண்டாந்த மாசித்தூள்ல ஒரு கை போட்டேன்."

மாசி என்பது சூரை மீனை அவித்துக் காயவைத்துக் கல்லாக்கிய சரக்கு. அதை இடித்தால் தூள். அதுதான் என் உள்ளங்கையில், நாக்கில், தொண்டையில், அதற்குக் கீழேயும் இருந்தது. இருபத்தொன்பது வருஷச் சைவம் ஒரே நக்கில் முடிந்துபோனது.

"மாசி என்னடா மீனா? மாசி மாசிதான்!" என்றார் அக்கா. பிறகு தணிந்த குரலில், "அவியளுக்குத் தெரியவா போவுது? பேசாம இரு. புள்ள வாழ்க்கடா."

உண்மையைச் சொல்கிறேன். அந்தக் கணத்தில் நானும் அதையே நினைத்தேன். தெரியப் போவதில்லை. ஒன்றரை வருஷம் கழித்து வந்திருக்கிறார்கள். சில்வியா வயிற்றுப் பிள்ளையோடு எதிரே உட்கார்ந்திருக்கிறாள்.

அண்ணாச்சி யோசிக்கக்கூட இல்லை. கரண்டியோடு கூடத்துக்கு ஓடினார். சம்பந்தி சொதியைப் பிசைந்து, முதல் கவளத்தை எடுத்துவிட்டார்.

"தொடாதீய!"

அறுபது அடிக்கான குரல். தெருவில் போன ஆட்டோ நின்றது. கவளம் வாய்க்கு நாலு விரல் தூரத்தில் நின்றது.

"சம்பந்தி, கையெடுங்க. அதுல மாசி கெடக்கு. மீனு. எங்க வீட்டுத் தப்பு."

சம்பந்தி கவளத்தை இலையில் போட்டார். எழுந்தார். கை கழுவினார். வாசலுக்குப் போய்ச் செருப்பில் காலை நுழைத்தார். சில்வியா முகத்தைப் பொத்திக்கொண்டாள். மாப்பிள்ளை அப்பாவையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கோமதியம்மாள் மட்டும் இலையை விட்டு எழுந்திருக்கவில்லை.

"சொல்லாம இருந்திருந்தா எங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா?" என்று கேட்டார்.

"தெரிஞ்சிருக்காது, மதினி."

"பெறவு ஏன் சொன்னிய?"

அண்ணாச்சி கரண்டியைப் பிடித்தபடி நின்றார். "எம்புள்ள ஒங்க வீட்டுல ஒங்க கையால சாப்பிடுதா. அவளுக்குத் தெரியாம நீங்க எதயாவது ஊத்துவியளா?"

கோமதியம்மாள் அவரையே பார்த்தார். பிறகு எழுந்து, சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினார்.

"வீட்டுல தேங்கா கெடக்கா?"

"எட்டு கெடக்கு" என்றார் ரெஜினா அக்கா.

"கை படாத சட்டி?"

"இன்னும் ரெண்டு இருக்கு, மதினி!"

கோமதியம்மாள் வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "செருப்பக் கழட்டிட்டு உள்ள வாங்க. உருளக்கெழங்கு சீவ ஆளு வேணும்."

தூத்துக்குடிக் கடற்கரைத் தெருவில், கிறிஸ்துமஸ் அன்று, விபூதி கலையாத ஒரு மனிதர் தரையில் சம்மணம் போட்டு உருளைக்கிழங்கு சீவியதையும், அவருக்குப் பக்கத்தில் அண்ணாச்சி வாயே திறக்காமல் எட்டுத் தேங்காயைத் துருவியதையும் என் கண்ணால் பார்த்தேன். பாதியில் சம்பந்தி, "மெல்லத் துருவுங்க, சிரட்டையும் சேந்து வருது" என்றார். அந்த வீட்டில் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான். மதியச் சாப்பாடு நாலரை மணிக்கு முடிந்தது. சம்பந்தி மூன்று தடவை சொதி வாங்கினார். மூத்த அக்கா மாசிச் சொதியைத் தனியாகக் கொல்லைப்புறத்தில் வைத்து, அதில் பாதியை ஒருவருக்கும் கொடுக்காமல் தீர்த்தார்.

சாயங்காலம் அண்ணாச்சி மாடிக்கு வந்தார். நான் பதினோராவது முறையாக வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தேன்.

"ஒன்னக் கெடுத்துட்டேனே மாடி. ஒங்க அம்மாவுக்குப் போனப் போடு. நான் மன்னிப்புக் கேக்கணும்."

தடுத்தும் கேட்கவில்லை. வீடியோவில் அம்மா வந்ததும், கைகூப்பியபடி நடந்ததைச் சொல்லிவிட்டார். அவர் குரலுக்கு அம்மா போனை ஒரு முழம் தள்ளிப் பிடித்திருந்தார். கடைசியில், "தெரியாமத் தின்னதுக்கு நீங்க என்ன செய்வியய்யா, விடுங்க" என்றார். என்னிடம் போன் வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஏலே... நெசமாவே எம் சொதிய விட நல்லாவா இருந்துச்சி?"

பன்னிரண்டாவது முறை வாய் கொப்பளிக்க வேண்டும் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

போன ஜூனில் என்னைச் சென்னைக்கு மாற்றிவிட்டார்கள். சில்வியாவுக்குப் பெண் குழந்தை. அதன் முதல் கிறிஸ்துமஸ் இது. கூட்டத்துக்குத் தலைவர் இல்லாமல் அண்ணாச்சி வாட்ஸாப்பில் வைத்து நடத்தினார். சம்பந்தி அதில் இரண்டு ஓட்டுப் போட முயன்று பிடிபட்டதாகத் தகவல்.

நேற்று லீவு விண்ணப்பம் எழுதினேன். காரணம் என்ற இடத்தில், 'எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ்' என்று எழுதியிருந்தேன். மேனேஜர் என் பெயரைப் பார்த்தார், நெற்றி விபூதியைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்து, "தப்பா எழுதிட்டீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல சார். சரியாத்தான் எழுதியிருக்கேன்" என்றேன்.