அம்மையார்குப்பத்திலிருந்து ஒரு வார்த்தை

"அலோ!"

"ஆங்" என்றது போன்.

"அண்ணா, நான் திருத்தணியில இருந்து கௌரியம்மா பேசறேன். சௌமியாவோட அம்மா. பொண்ணைப் பாத்துட்டுப் போனீங்களே, உங்களுக்கு சம்மதம்தானே? ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா மண்டபத்துக்குச் சொல்லிடுவேன்."

போனில் கடகடவென்று விசைத்தறி ஓடும் சத்தம்தான் வந்தது. கௌரியம்மாள் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். இணைப்பு அறுபடவில்லை, நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. மறுபடி காதில் வைத்து அதே கேள்வியை இரண்டு முறை கேட்டாள். அம்மையார்குப்பத்தில் தறி ஓடியதே தவிர, மனிதக் குரல் வரவில்லை.

"ஸ்பீக்கர் போச்சு" என்றாள்.

மலைப்படி தொடங்கும் இடத்தில் அவர்களுக்குப் பூஜை சாமான் கடை. தேங்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்த கணவர் பஞ்சாட்சரம் தலையை நிமிர்த்தினார்.

"மொதல்ல ஆங்னது கேட்டுச்சில்ல?"

"அது கேட்டுச்சி. அதுக்கப்புறம்தான் போச்சு."

பஞ்சாட்சரம் மறுபடி தேங்காய்க்குத் திரும்பினார். இருபத்தாறு வருட இல்லறம் அவருக்குக் கற்றுக்கொடுத்த பாடம் அது. கௌரியம்மாள் ஒரு காரியத்தில் இறங்கிவிட்டால், முதலில் களைத்துப்போவது அந்தக் காரியமாகத்தான் இருக்கும். மிக்ஸி நின்றாலும் குழாய் ஒழுகினாலும் ஆளைக் கூப்பிடுவது அவளுக்கு அவமானம். அவள் கழற்றி மாட்டிய டேபிள் ஃபேன் இன்றைக்கும் நன்றாக ஓடுகிறது. என்ன, காற்று பின்பக்கமாக வரும்.

இந்த ஒரு வார்த்தைக்கு அவள் இப்படித் தவம் கிடப்பதற்குக் காரணம் உண்டு. போன வருடம் ஒரு தரகர், "அவங்களுக்கு முழு சம்மதம்" என்று சொல்லிக் கூட்டிப்போனார். தாம்பூலத் தட்டோடு இவர்கள் போய் நின்றபோது, அந்த வீட்டுக் கூடத்தில் வேறொரு பெண்ணுக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தார்கள். தட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்த அன்று கௌரியம்மாள் சபதம் எடுத்தாள். மாப்பிள்ளையின் தகப்பன் வாயிலிருந்து சம்மதம் வந்து அது தன் காதில் விழாமல், எந்த வீட்டு வாசலையும் மிதிப்பதில்லை.

இப்போது சௌமியாவுக்கு ராஜீவ் அமைந்திருந்தான். பெண்ணுக்குப் பையனைப் பிடித்திருந்தது. பையனுக்குப் பெண்ணைப் பிடித்திருந்தது. பையனின் அம்மா பூவம்மாளுக்கும் பிடித்திருந்தது. ஆனால் அந்த அம்மாள், "எதா இருந்தாலும் எங்க வீட்டுக்காரரைக் கேட்டுக்கோங்க" என்று நம்பரைக் கொடுத்துவிட்டு, மகள் பிரசவத்துக்காக நகரிக்குப் போய்விட்டாள். மிச்சமிருந்தது அப்பா துரைக்கண்ணு. நான்கு விசைத்தறிக்குச் சொந்தக்காரர். பெண் பார்க்க வந்த அன்று அவர் வாயைத் திறந்தது வடைக்கு மட்டும்தான்.

தை மாதத்தில் அடிவார மண்டபத்தில் ஒரே ஒரு முகூர்த்தம் காலியாக இருந்தது. கிருத்திகை அன்று மாலை ஆறு மணிக்குள் உறுதி சொல்லாவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். இன்று திங்கள். புதன்கிழமை கிருத்திகை.

"ராஜீவே சொல்லிட்டாரும்மா, அவங்கப்பாவுக்கு ஓகேதானாம்" என்றாள் சௌமியா.

"அந்தத் தரகனும்தான் ஓகேன்னான்."

"அப்ப என் போன்ல இருந்து பேசு."

"நல்லாருக்கே! கல்யாணப் பொண்ணு நம்பர்ல இருந்து மாமனாருக்கு போன் போனா, பொண்ணுக்கு என்ன அவசரம்னு கேக்க மாட்டாங்க?"

கணவர் போனைக் கடன் கேட்பதோ, ரிப்பேருக்கு ஆளைக் கூப்பிடுவதைப் போலவே அவமானம். ஆகவே தன் போனைத்தான் சரிசெய்தாக வேண்டும். சத்தத்தை முழுதாக ஏற்றினாள், அணைத்துப் போட்டாள், உறையைக் கழற்றினாள். கழற்றியதும் குற்றவாளி அகப்பட்டுவிட்டதாகவே நினைத்தாள். வெள்ளிக்கிழமைதோறும் கல்லாப்பெட்டிக்கும் தராசுக்கும் வைக்கும் சந்தனத்தைப் போனுக்கும் வைப்பது அவள் வழக்கம். அடிப்பக்கத்து ஓட்டைகள் எல்லாவற்றிலும் ஒரு வருடத்துச் சந்தனம் காய்ந்து அடைத்திருந்தது.

ரவிக்கையிலிருந்து ஊக்கைக் கழற்றி ஒவ்வோர் ஓட்டையாகக் குடைந்தாள். கடைசி ஓட்டை சின்னது. அதில் மட்டும் ஊக்கு கொஞ்சம் அதிகமாக இறங்கி, 'டப்' என்று ஏதோ உடைந்தது.

பஞ்சாட்சரத்தைக் கூப்பிட்டுப் பார்த்தாள். அவர் கடையின் மறுகோடியில் போனை எடுத்து, "உன் கொரலு கெணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி கீதே?" என்றார்.

அது மைக்கின் ஓட்டை. காலையில் காது கேளாதிருந்த போன், மத்தியானம் வாயும் பேசாத போனாகிவிட்டது. கௌரியம்மாள் அசரவில்லை. குரல் கிணற்றிலிருந்து வந்தால் என்ன, கிணற்றுக்குள்ளிருந்து கத்தினால் போகிறது. அன்று மட்டும் துரைக்கண்ணுவை இன்னும் ஐந்து முறை கூப்பிட்டுக் கத்தினாள். ஒவ்வொரு முறையும் முதலில் "ஆங்", பிறகு தறி.

செவ்வாய்க்கிழமை காலை, மனமே இல்லாமல் போனைக் கௌதமனிடம் கொண்டுபோனாள். அவன் பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். தன் போனிலிருந்து கூப்பிட்டு அவளோடு பேசிப் பார்த்தான்.

"மைக்கு பாதி அவுட்டுக்கா. ஆனா ஸ்பீக்கரு நல்லாதான கீது?"

"எனக்கு நல்லாதான் கேக்குது. அண்ணன் பேசினா மட்டும்தான் கேக்கல."

"அப்போ அவர் போன்லதான்க்கா கோளாறு. அவரை வேற போன்ல இருந்து—"

"டேய்!" கௌரியம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "மாப்பிள்ளை வீட்டுப் போன்ல குறைன்னு பொண்ணு வீட்டுக்காரி சொல்றதா? கல்யாணத்துக்கு முன்னாடியே குறை சொன்னா வெளங்குமா? குறைன்னு ஒண்ணு இருந்தா அது நம்ம போன்லதான் இருக்கணும்."

கௌதமன் தலையைச் சொறிந்தான். வந்த வாடிக்கையை எதற்கு விடுவானேன் என்று யோசித்தானோ, உண்மையாகவே தோன்றியதோ தெரியாது. "சத்தத்தை வடிகட்டறதுக்குன்னு போனுக்குள்ள ஒண்ணு கீதுக்கா. நாம பேசறதை வெச்சிகினு, சுத்தி வர்ற எரைச்சலைத் தள்ளிடும். உங்க போன்ல அது தலைகீழா வேலை செய்யுதோ என்னவோ. தறிச் சத்தத்தைப் பேச்சுன்னு வெச்சிகினு, பேச்சை எரைச்சல்னு தள்ளுது."

கௌரியம்மாளுக்கு இந்த விளக்கம் ரொம்பப் பிடித்துவிட்டது. "சாமான் நாளைக்கு சாயந்திரம்தான் வரும்" என்று அவன் சொன்னது பிடிக்கவில்லை. போனை வாங்கிக்கொண்டு வந்து, வடிகட்டியில் தூசி அடைத்திருக்க வேண்டும் என்று தானே முடிவு செய்தாள். பக்கத்துக் கடையில் சைக்கிள் பம்பு வாங்கி, ஸ்பீக்கர் ஓட்டையில் வைத்து நாலு அழுத்து அழுத்தினாள். நாலாவது அழுத்தில் ஸ்பீக்கர் 'கொர்' என்றது. அதோடு சரி. அதற்கப்புறம் கௌதமன் குரலும் கேட்கவில்லை, தறிச் சத்தமும் கேட்கவில்லை.

இரைச்சல் நின்றதால் வடிகட்டி சரியாகிவிட்டது என்று நினைத்து, மாலைக்குள் துரைக்கண்ணுவை ஏழு முறை கூப்பிட்டிருந்தாள். ஒவ்வொரு முறையும் தலை முதல் கால் வரை விஷயத்தைச் சொல்லி, "சம்மதமா? சம்மதமாங்கண்ணா? சம்மதம்தானே?" என்று மூன்று தரம் கேட்டாள். கடைசியில் குரல் கம்மிவிட்டது.

"விடேன் கௌரி. வேற முகூர்த்தம் பாத்துக்கலாம்" என்றார் பஞ்சாட்சரம்.

"விடறதா? அந்த மனுஷன் தெனமும் சரின்னு சொல்லிகினே இருந்து, நம்ம போனால நமக்கு அது கேக்காம, அதுக்காக என் பொண்ணு கல்யாணம் நிக்கணுமா? கேட்டுட்டுதான் விடுவேன்."

சொல்லும்போதே அவள் கண் கலங்கியது. போன வருடம் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்த அந்தப் பஸ் பயணத்தில், சௌமியா ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். அந்த முதுகை இன்னொரு முறை பார்க்க கௌரியம்மாளுக்குத் தெம்பில்லை.

புதன்கிழமை. கிருத்திகைக் கூட்டம் படியெல்லாம் வழிந்தது. காவடிகளும் சந்தனம் பூசிய மொட்டைகளும் கடையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. பகல் பன்னிரண்டு மணிக்குக் கௌரியம்மாளுக்கு ஒரு யோசனை வந்தது. ஸ்பீக்கர் போனால் என்ன, புளூடூத் என்று ஒன்று இருக்கிறதே! சௌமியா பாட்டுக் கேட்கும் காதுக் கருவியை வாங்கி மாட்டிக்கொண்டு, போனில் புளூடூத்தைத் தட்டிவிட்டு, துரைக்கண்ணுவைக் கூப்பிட்டாள்.

எதிர்க்கடை தணிகைமணி, பக்திப் பாட்டு விற்பவன். வாசலில் இரண்டு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தான். போன மாதம் அவன் போனில் சார்ஜ் தீர்ந்துபோய், ஒரு மணி நேரம் கௌரியம்மாளின் போனிலிருந்துதான் பாட்டுப் போட்டான். அவள் அதை மறந்துவிட்டாள். அவளுடைய போன் மறக்கவில்லை. காதுக் கருவியை விட்டுவிட்டு, பழைய பழக்கத்தில் நேரே குழாயைப் பிடித்துக்கொண்டது.

"ஆங்!" என்றன இரண்டு குழாய்களும்.

"அரோகரா!" என்றது படியேறிக்கொண்டிருந்த கூட்டம்.

காதில் ஒன்றும் கேட்காததால் கௌரியம்மாள் அடித்தொண்டையிலிருந்து கத்தினாள். "அண்ணா! எங்க பொண்ணைக் கட்டிக்க உங்களுக்கு சம்மதமா, இல்லையா? இன்னிக்கு ஆறு மணிதான் கெடு! வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லுங்க!"

கூட்டம் நின்றது. காவடி எடுத்தவர் காவடியோடு நின்றார். தெருவே குழாயை அண்ணாந்து பார்த்தது. குழாயில் தறி கடகடவென்று ஓடியது. ஒரு நிமிடம் யாரும் நகரவில்லை. ஒத்துக்கொண்டாரா இல்லையா என்று ஆந்திராவிலிருந்து வந்த ஓர் அம்மாள் பக்கத்திலிருந்தவரைத் தெலுங்கில் கேட்டாள். அவர் உதட்டைப் பிதுக்கினார்.

"யக்கா!" தணிகைமணி ஓடிவந்தான். "கட் பண்ணுக்கா! ஊரே கேட்டுகினு கீது!"

கௌரியம்மாளுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. முகம் சுருங்கிப்போயிற்று. கடைக்குள்ளே சௌமியா முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

அந்த முதுகுதான் முடிவெடுக்க வைத்தது. கௌரியம்மாள் போனைக் கல்லாப்பெட்டிக்குள் வீசினாள். முகத்தைக் கழுவினாள். ஒரு முழம் பூவைக் கிள்ளித் தலையில் வைத்துக்கொண்டாள்.

"எங்க கௌரி?" என்றார் பஞ்சாட்சரம்.

"அம்மையார்குப்பம்."

"வாசலை மிதிக்க மாட்டேன்னியே?"

"என் சபதத்துக்கு என் பொண்ணா பலி? சம்மதமோ இல்லையோ, இன்னிக்கு அந்த மனுஷன் மூஞ்சிக்கு நேரா நின்னு கேட்டுட்டு வந்துடறேன்."

ஒன்றரை மணி பஸ் கிடைத்தது. துரைக்கண்ணு வீட்டைக் கண்டுபிடிக்க யாரையும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு நாளாகக் கேட்டுப் பழகிய அந்தச் சத்தமே வழிகாட்டியது. முற்றத்தில் எல்லம்மாள் என்ற வயதான பெண்மணி தறிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். திருத்தணிப் பொண்ணு வீடு என்று கௌரியம்மாள் சொன்னதும், "மொதலாளி உள்ளதான் கீறாரு" என்று கையைக் காட்டினாள்.

கரும்புக்காட்டு நடுவே திருவாலங்காட்டில் பிறந்து வளர்ந்த கௌரியம்மாள் இதற்கு முன்பு தறிக்கொட்டகைக்குள் கால் வைத்ததில்லை. உள்ளே நான்கு தறியும் சேர்ந்து போட்ட சத்தத்தில் தான் மூச்சு விடுவதே அவளுக்குக் கேட்கவில்லை. ஒருவன் இரண்டு விரலைக் காட்டினான். இன்னொருவன் தலையை ஆட்டிவிட்டு இரண்டு நூற்கட்டைகளைக் கொண்டுவந்து கொடுத்தான். யாரும் வாயைத் திறக்கவில்லை. அதையெல்லாம் கவனிக்கும் நிலையில் அவள் இல்லை.

ஓரத்தில் கயிற்றுக் கட்டிலில் துரைக்கண்ணு விறைப்பாக உட்கார்ந்திருந்தார். கழுத்தைச் சுற்றி ஈரத்துண்டு. கிட்டே போனதும் தைல வாடை தூக்கியடித்தது.

"அண்ணா!" கௌரியம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். "சபதத்தை முறிச்சிகினு உங்க வாசலை மிதிச்சிட்டேன். ஆறு மணிக்கு மண்டபம் போயிடும். என் பொண்ணு மூஞ்சியை என்னால பாக்க முடியல. சம்மதம்னாலும் சரி, இல்லன்னாலும் சரி. எனக்கு ஒரு பதில் குடுங்க."

துரைக்கண்ணு அவளைப் பார்த்தார். ஏதோ செய்ய முயன்றவர்போல் லேசாக முன்னால் சாய்ந்தார். உடனே முகம் கோணியது. இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு கண்களை இறுக மூடிக்கொண்டார். அவ்வளவுதான்.

அதற்கு மேல் என்ன பதில் வேண்டும்? கௌரியம்மாள் "புரிஞ்சிபோச்சிங்கண்ணா" என்று சொல்லிவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி வெளியே வந்து முற்றத்தைக் கடந்தாள்.

எல்லம்மாள் ராட்டையை நிறுத்தினாள்.

"அய்ய, அழுதுகினு போறீங்களேம்மா! திங்கக்கெழமையில இருந்து நீங்க கேக்கக் கேக்க, போனைக் காதுல வெச்சிகினு சரி சரின்னு தலையாட்டி ஆட்டித்தான் எங்க மொதலாளிக்குக் கழுத்தே புடிச்சிகிச்சி!"