பதினான்கு பேரைப் பார்க்க வேண்டிய கணக்கு

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். விஷயமோ இயற்பியல் என்றார்கள்.

புவனகிரியில் காய்ச்சல் பரவியதும் வீட்டோடு இருந்துகொண்டேன். சத்துணவுக்கூட வேலைக்குத் திரும்ப நலச்சான்று கேட்டார்கள். அதைத் தருவது தொற்றுப் பரவல் கணிப்புப் பிரிவு. அதன் அலுவலர் ஜெயசீலன் கடலூரிலிருந்து லேப்டாப்போடு வந்தார்.

"ஒரு நாளைக்கு எத்தன பேரப் பாக்குறீங்க?"

"மூணு பேர் சார். வீட்டுக்காரர், பால்காரம்மா, பக்கத்து வீட்டு இளவரசி."

அவர் முகம் வாடியது. "எங்க கணக்கு மாடல்ல ஒரு ஆளுக்குப் பதினாலும்மா. மனுசங்க கேரம் காய் மாதிரி, ஒண்ணோட ஒண்ணு மோதுவாங்க. அத வெச்சுத்தான் காய்ச்சல் எங்க போவும்னு கணக்குப் போடுறோம்."

"நான் மூலையிலயே கெடக்குற காய் சார்."

"அப்படி ஒரு காய் சமன்பாட்டுல இல்ல."

"சமன்பாட்டத் திருத்தக் கூடாதா?"

"அது மேலிடத்துல கையெழுத்தானது. உங்களத் திருத்துறதுதான் சுலபம்."

மறுநாள் கடிதம் வந்தது. 'தாங்கள் பதினொரு சந்திப்புகள் குறைவாக உள்ளமையால், மேற்படி குறைபாட்டை ஏழு நாட்களுக்குள் நிவர்த்தி செய்து, பெயர்ப் பட்டியல் இணைக்கவும். தவறினால் நலச்சான்று வழங்க இயலாது. கூட்டத்தைத் தவிர்க்கவும்.'

பார்த்தால் காய்ச்சல் வரும். பார்க்காவிட்டால் வேலை போகும். நாலு நாள் வாசல்வரை போய்ப் போய்த் திரும்பினேன். ஐந்தாம் நாள் மாத்திரை வாங்கப் போனபோது, பேருந்து நிலையச் சுவர் முழுக்கக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். படத்தில் இருந்த எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நானும் பார்த்தேன். ஒருவரும் தும்மவில்லை. அந்தச் சுவரிலிருந்தே ஊர், பேரோடு பதினொரு பேரை எழுதி அனுப்பினேன்.

சான்று வந்தது. 'பதினொருவரையும் நேரில் சென்று பரிசோதித்தோம். அனைவரும் நலம்.'

இளவரசியிடம் காட்டியது என் தப்பு. மறுநாள், அதே கடிதம் வாங்கியிருந்த ஊரே அந்தச் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றது.

"தள்ளு மாமா, எனக்கு இன்னும் நாலு பொணம் கொறையுது!"

"மேல இருமாதடி, பேரு எழுதுறன்ல!"

அந்த வாரமே மாடல் சொன்ன தேதியில், சொன்ன எண்ணிக்கையில் காய்ச்சல் வந்தது. "பாத்தீங்களா, கணக்கு பொய்க்காது" என்று ஜெயசீலன் இருமிக்கொண்டே சொன்னார்.

பிறகு சுற்றறிக்கை. உயிரோடிருப்போரின் நலச்சான்றுகள் அனைத்தும் ரத்து. சுவரில் உள்ளோர் மட்டும் தொடர்ந்து நலமாக இருப்பதாகக் கருதப்படுவர்.

அன்றே அச்சகத்துக்குப் போன் போட்டேன். என் படத்தை அனுப்பி, ஒரு கண்ணீர் அஞ்சலி அடித்து நல்ல இடமாகப் பார்த்து ஒட்டச் சொல்லிவிட்டேன்.