வெள்ளையம்மா எடுத்த இருபத்தேழு புள்ளி

கவலைப்படும் மக்களைக் கண்டபடி ஆறுதல்படுத்தக் கூடாது என்று மேலிடம் தீர்மானித்த நேரத்தில், பலாங்கொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் உளவளத்துணையாளராக வேலை பார்த்த சரோன், கொழுந்து நிறுக்கும் மடுவத்து வாங்கில் உட்கார்ந்து, கொழுந்து பறிக்கும் வெள்ளையம்மாவைக் கண்டபடி ஆறுதல்படுத்திக்கொண்டிருந்தாள். மகன் கட்டாருக்குப் போனதிலிருந்து வெள்ளையம்மாவுக்குத் தூக்கமில்லை.

சுற்றறிக்கை தெளிவாக இருந்தது. இனிமேல் சான்றுள்ள சிகிச்சை மட்டுமே. அதைக் கலப்புக் கற்றல் முறையில், அதாவது பாதி கைப்பேசியிலும் பாதி நேரிலுமாகப் படித்துத் தேற வேண்டும். தேறாதவர்களின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படமாட்டாது. சரோன் அன்றைக்கே பெயரைப் பதிந்துகொண்டாள்.

கைப்பேசிப் பாதி மடுவத்து வாசலில் நடந்தது. தோட்டத்தில் சிக்னல் கிடைப்பது அங்கேதான். மற்றப் பாதிக்குப் பலாங்கொடை மண்டபத்துக்கு பஸ் ஏறிப் போனாள். அங்கே அத்தனை பேரும் வரிசையாக உட்கார்ந்து, அவரவர் கைப்பேசியைத் திறந்து, பக்கத்து அறையில் இருந்த பயிற்சி இணைப்பாளர் நல்லையா சேரைத் திரையில் தரிசித்தார்கள். அவர் இருமினால் முதலில் சுவர் வழியாகக் கேட்டது, பிறகு கைப்பேசி வழியாகக் கேட்டது. கலப்பு என்றால் என்னவென்று எல்லாருக்கும் விளங்கிவிட்டது.

கடைசியாகச் செய்முறைப் பரீட்சை. சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஒருவரிடம் ஒன்பது கேள்வி கேட்டு, கவலைக்குப் புள்ளி போட வேண்டும். உச்சம் இருபத்தேழு. கவலை குறைந்தால் புள்ளி குறையும், புள்ளி குறைந்தால் பாஸ். வெள்ளையம்மா முதலில் பதினாறு எடுத்தாள்.

சும்மா சொல்லக் கூடாது, சிகிச்சை நல்ல சிகிச்சைதான். படித்ததைப் படித்தபடி சரோன் செய்தாள். ஒரே மாதத்தில் வெள்ளையம்மா அடித்துப் போட்ட மாதிரி தூங்கினாள். மறுபடி புள்ளி போட்டார்கள். இருபத்தேழு!

நல்லையா சேர் தோட்டத்துக்கே வந்துவிட்டார்.

"தூக்கம் வருதாம்மா?"

"ஐயோ சேர், நான் விடுற கொறட்டையில பக்கத்து காம்பராக்காரங்க சண்டைக்கு வாறாங்க."

"அப்ப ஏன் இருபத்தேழு?"

"கொழுந்து கிலோ கொறஞ்சா கணக்கப்புள்ள அரைப்பேர் போட்டு அரைநாள் சம்பளம்தானே குடுக்குறாரு? நம்ம சரோன் புள்ளைக்கு அரைப்பேர் வாங்கிக் குடுக்கவா நான் இருக்கேன்? அதான் அள்ளிப் போட்டேன்."

சரோன் தலையில் கை வைத்தாள். "சேர், கொழுந்து நிறுக்கிற மாதிரி நெனைச்சிட்டாங்க. ஆளைப் பாருங்க, சிரிச்சிக்கிட்டு நிக்கிறாங்க."

"சிரிப்பு சான்று ஆகாது மிஸ். தாள்ல இருக்கிறதுதான் சான்று. தாள்படி இவங்க கடும் ஆபத்துல இருக்காங்க. ரெண்டு கிழமையில புள்ளி குறையலன்னா இவங்க ஆஸ்பத்திரிக்கு, நீங்க வீட்டுக்கு."

அன்றோடு வெள்ளையம்மாவின் தூக்கம் போயே போயிற்று. ஆஸ்பத்திரிப் பயம் பாதி, தன்னால் ஒரு பிள்ளையின் வேலை போகிறதே என்ற கவலை பாதி. அதுவும் கலப்பு முறைதான்.

இரண்டு கிழமை கழித்து, சிவந்த கண்ணோடு வந்து உட்கார்ந்தாள். "இப்பவே சொல்லிரு புள்ள. கூட்டிப் போடணுமா, கொறைச்சுப் போடணுமா?"

உள்ளதைச் சொல்லுங்கள் என்றுதான் சரோன் சொல்லியிருக்க வேண்டும். மடுவத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டு, "கொறைச்சுப் போடுங்க" என்றாள். அவளுக்கே வெட்கமாகத்தான் இருந்தது.

ஒன்பது கேள்விக்கும் பூச்சியம் விழுந்தது.

மறுநாள் சான்றிதழ் விழாவில், பூரண குணமடைந்தவர் என்று வெள்ளையம்மாவுக்கு மாலை போட்டு மேடையில் உட்கார வைத்தார்கள். நல்லையா சேர் சான்றின் மகத்துவம் பற்றிப் பேசத் தொடங்கினார். பேச்சு பாதியை எட்டுவதற்குள் ஒலிபெருக்கியில் குறட்டை கேட்டது. மாலையோடு சாய்ந்து, இரண்டு கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக வெள்ளையம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். சரோனுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது.

நல்லையா சேர் பேச்சை நிறுத்தி, நாற்காலியைத் தட்டினார். "அம்மா, எழும்புங்க! நல்லா தூங்குறீங்கன்னு சபைக்குச் சொல்லணும்."

வெள்ளையம்மா திடுக்கிட்டு எழுந்தாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு மைக்கைப் பிடித்தாள்.

"நல்லா தூங்குறேன் சேர்."

மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். எல்லாரையும்விடப் பலமாகத் தட்டியது சரோன்தான்.